அமெரிக்கத் தேர்தல்களில் தன்பாலினத் திருமணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (சேலம்): அமெரிக்கர்களின் மனம் எப்போது மாறியது?

பதில்: படிப்படியாகத்தான். 1996இல் கேலப் கருத்துக்கணிப்பில் ஆதரவு 27%. 2011இல் முதல்முறையாகப் பாதியைத் தாண்டி, 2021இல் 70% ஆனது. தலைமுறை மாற்றம் ஒரு காரணம்தான். எதிர்த்தவர்களே மாறினார்கள் என்பது அதைவிட முக்கியம். ஒஹையோவின் குடியரசுக் கட்சிக்காரர் ராப் போர்ட்மன், திருமணத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்று வரையறுத்த 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தவர். மகன் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வீட்டில் சொன்ன பிறகு, 2013இல் செனட்டராக இருந்தபோது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். காரணத்தையும் வெளிப்படையாக எழுதினார்.

ஒரு எச்சரிக்கை: தேசிய சராசரியை வைத்துத் தேர்தல் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஜனநாயகக் கட்சி தொடக்கத்திலிருந்தே ஆதரவுதானே?

பதில்: இல்லை. அந்த 1996 சட்டம் செனட்டில் 85-14 என்று நிறைவேறியது, கையெழுத்திட்டவர் கிளின்டன். ஒபாமாவும் 2008இல் எதிர்நிலையில்தான் நின்றார். 2012 மே 6இல் அப்போதைய துணை அதிபர் பைடன் தொலைக்காட்சியில் ஆதரவு சொன்னார். மே 8இல் வட கரோலினா மாநிலம் 61% வாக்குகளோடு இத்திருமணத்துக்குத் தடையை நிறைவேற்றியது. மறுநாள் ஒபாமா ஆதரவை அறிவித்தார். நாடு முழுவதும் பார்த்தால் மக்கள் முன்னே போனார்கள், கட்சி பின்னால் வந்தது.

கேள்வி (கோவை): 2004இல் புஷ்ஷை ஜெயிக்க வைத்ததே இந்த விவகாரம்தான் என்கிறார்களே?

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் 2004 மே மாதம் இத்திருமணங்கள் தொடங்கின. நவம்பரில், அதிபர் தேர்தல் நாளிலேயே, 11 மாநிலங்கள் இத்திருமணத்தைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தங்களை வாக்குக்கு விட்டன. எல்லாமே நிறைவேறின. ஒஹையோவில் சுமார் 62% ஆதரவு. புஷ் அங்கே ஏறக்குறைய 1,18,000 வாக்குகளில் வென்றார். இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் அந்தக் கதை பிறந்தது.

ஆனால் 2000த்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாடு முழுவதும் புஷ்ஷின் பங்கு 47.9%இலிருந்து 50.7%க்கு ஏறியது. ஒஹையோவில் ஏற்றம் ஒரு சதவீதம்கூட இல்லை. மிச்சிகனும் ஒரேகனும் தடையை நிறைவேற்றிவிட்டு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரிக்கே வாக்களித்தன.

கேள்வி (அதே கோவை வாசகர்): ஒஹையோவில் கறுப்பின மக்களிடம் புஷ்ஷின் ஆதரவு கூடியதே?

பதில்: நல்ல வாதம். வாக்குச்சாவடிக் கணிப்புகளில் அது 9%இலிருந்து 16% ஆனது. தேவாலயங்களில் நடந்த பிரச்சாரம் சிலரை அசைத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய சிறு பிரிவுகளில் பிழை வரம்பு பெரிது. அதை மட்டும் வைத்து ஒரு தேர்தலையே விளக்க முடியாது. எதிர்க்கட்சியைப் பிளக்கும் என்று நினைத்தபோது குடியரசுக் கட்சி இந்தப் பிரச்சினையை உரக்கப் பேசியது. தன் கட்சியையே பிளக்கத் தொடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

கேள்வி (திருச்சி): ஒஹையோவில் புஷ் இதனால்தான் வென்றாரா?

பதில்: மேலே இரண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி (சென்னை): இந்தியாவில்?

பதில்: 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தர மறுத்து, சட்டமியற்றுவோரிடம் விட்டது. மற்றதை நம் சட்ட வல்லுநர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ஏறக்குறைய 70% ஆதரவு இருக்கும்போது, இனி ஆபத்தில்லைதானே?

பதில்: மறுபடியும் சொல்கிறேன், தேசிய சராசரியை நம்பி உட்காராதீர்கள். குடியரசுக் கட்சியினரிடையே ஆதரவு 2021இல் 55%, 2025இல் 41%. 2024 கட்சி அறிக்கையில் பழைய 'ஓர் ஆண், ஒரு பெண்' வரையறை இல்லை என்பது உண்மை. ஆனால் நாடு முழுவதும் இத்திருமணத்தைச் சட்டபூர்வமாக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பை மாற்றக் கோரும் தீர்மானத்தை 2025 ஜனவரியில் ஐடஹோ மாநிலக் கீழவை நிறைவேற்றியது. பல மாநில அரசியல் சட்டங்களில் பழைய தடைகள் இன்னும் அழிக்கப்படாமல் கிடக்கின்றன. 2022இல் 12 குடியரசுக் கட்சி செனட்டர்களின் வாக்கோடு வந்த கூட்டாட்சிச் சட்டம், வேறு மாநிலத்தில் நடந்த திருமணத்தை ஏற்கச் சொல்கிறது; தன் மண்ணில் நடத்தி வைக்கச் சொல்லவில்லை. 2015 தீர்ப்பு போனால், பழைய தடை உள்ள மாநிலங்களில் இருக்கும் இணையர்கள் மணம் முடிக்க எல்லை தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.