வீட்டுக் கார் ஷெட்டுக்கு எந்த லிஃப்ட் பொருந்தும்?

மன்னார்குடியில் வீட்டை ஒட்டிய ஷெட்டில், சொந்தக் காரைப் பழுது பார்க்க, காரைத் தூக்கி நிறுத்தும் இரு தூண் லிஃப்ட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையை விசாரிப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். இரு தூண் வகையில் காரின் எடை தூண்களின் அடித்தகடு வழியாகவும், அது முன்பின் சாயும்போது எழும் இழுவிசை தூண்களைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகள் வழியாகவும் கான்கிரீட்டில்தான் இறங்குகின்றன. ஆகவே தயாரிப்பாளர்கள் பொதுவாகக் குறைந்தது 4 அங்குலத் தடிமனுள்ள, வெடிப்பில்லாத தளத்தைக் கேட்கிறார்கள். டெல்டாவின் களிமண்ணோ மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பிளக்கும் தன்மையது. அதன் மேல் மெல்லிய தளம் போட்டு டைல்ஸ் ஒட்டிய ஷெட்டாக இருந்தால், அதில் அப்படியே போல்ட் அடிப்பது உயிருக்கே ஆபத்து. கட்டுமானப் பொறியாளர் ஒருவரிடம் காட்டி, தூண் நிற்கும் இடத்தில் பழைய தளத்தை உடைத்து, கம்பி கட்டிப் புதிய கான்கிரீட் போட்டு, 28 நாள் கழித்தே போல்ட் இறக்குங்கள்.

நான்கு தூண் வகை எடையைப் பரப்பித் தாங்கும். ஆனால் அதில் கார் தன் சக்கரங்களின் மேலேயே நிற்பதால், சக்கரத்தைக் கழற்றத் தனி ஜாக் வேண்டும். கூரை 10 அடிக்குள் இருந்தால், கத்தரிபோல் மடங்கி விரியும் கால்களால் காரை இடுப்பளவு உயர்த்தும் கத்தரி லிஃப்டையே நான் பரிந்துரைப்பேன்.

எதை வாங்கினாலும், லிஃப்டைத் தூக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தத்தை மட்டும் நம்பாமல், அந்த அழுத்தம் போனாலும் காரைத் தாங்கி நிற்கும் இயந்திரப் பூட்டில் காரை இறக்கி உட்கார வைத்த பின்னரே அடியில் செல்லுங்கள்.