பழைய டர்ன்டேபிளின் (ரெக்கார்டு பிளேயரின்) டோன்ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை, கெட்டுவிட்டது. வேறு ஆர்ம் வாங்கி நாமே பொருத்த முடியுமா?

முடியும். ரங்கூனில் எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து நானே பொருத்தியிருக்கிறேன். முதல் தடவை ஆர்மை நிறுத்தும் ஓட்டையைத் தப்பான இடத்தில் போட்டேன், அந்தக் கதையும் கீழே வருகிறது. ஆர்மை மாட்டி நட்டை முடுக்குவது பத்து நிமிட வேலைதான். ஓட்டை எங்கே விழ வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

நீங்கள் மாடல் சொல்லவில்லை. என்னுடையது கோல்ட்ரிங் லென்கோ ஜிஎல் 75. சுவிட்சர்லாந்தில் லென்கோ செய்தது, இங்கிலாந்து வழியாக விற்றபோது கோல்ட்ரிங் பெயரும் ஒட்டிக்கொண்டது. மாமா கப்பலில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். அப்போது இங்கே வெளிநாட்டுச் சாமான் கடையில் கிடைக்காது, கப்பல்காரர் வீட்டில்தான் பார்க்க முடியும். ரெக்கார்டு வைத்துச் சுழலும் தட்டான பிளாட்டர் மட்டுமே கிட்டத்தட்ட 4 கிலோ. மோட்டார் இன்றைக்கும் ஜம்மென்று ஓடுகிறது. போனது ஆர்ம்தான்.

லென்கோ ஆர்மில் ஒரு பிறவிக் குறை உண்டு. கத்தி முனை மாதிரி ஒரு விளிம்பு, V வடிவப் பள்ளமுள்ள இரண்டு குட்டி ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்து ஆடும்படி செய்திருப்பார்கள். வருஷம் ஆக ஆக அந்த ரப்பர் பொடிந்துபோகும். நம் ஊர் மழையும் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நான் திறந்தபோது கட்டை இருந்த இடத்தில் கறுப்பு மாவு மாதிரி ஏதோ இருந்தது, விரலில் தொட்டால் மை போல ஒட்டியது. உங்களுடையதும் லென்கோவாக இருந்து, ஆர்ம் லொடலொடவென்று ஆடுகிறது என்றால், புது ஆர்ம் வாங்கக் கிளம்பாதீர்கள். அந்தக் கட்டைகளை மட்டும் நைலானிலும் பித்தளையிலும் செய்து விற்கிறார்கள். செலவு மிகக் குறைவு, ஸ்க்ரூடிரைவர் போதும்.

எனக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ ரிப்பேர்காரர் பொடிந்த கட்டைக்குப் பதில் அரால்டைட்டை ஊற்றி வைத்திருந்தார். ஆர்ம் மேலும் கீழும் அசையவில்லை, ரெக்கார்டைத்தான் உழுதது. எத்தனை ரெக்கார்டு அப்படிப் போயிற்றோ!

சரி, எந்த ஆர்ம்? பார்க்க அழகாக இருப்பதை வாங்காதீர்கள், ஆர்மின் முனையில் ஊசியோடு மாட்டியிருக்கும் உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு ஒத்துப்போவதை வாங்குங்கள். ஆர்மின் செயல்நிறை (ஆர்ம் அசையும்போது ஊசி முனை உணரும் எடை), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதை கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (ஊசி எவ்வளவு இலகுவாக அசைகிறது என்ற அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுங்கள். வருவது ஆர்மும் ஊசியும் சேர்ந்து தானாக அதிரும் வேகம், ஹெர்ட்ஸில். 8 முதல் 12க்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த ரெக்கார்டில் ஊசி துள்ளும், மேலே போனால் பாட்டின் அடிச்சுருதியோடு மோதும்.

நான் வாங்கியது பழைய ரேகா ஆர்பி 250, சிங்கப்பூரில் இருக்கும் தங்கை மூலமாக, செகண்ட் ஹேண்ட். செயல்நிறை சுமார் 11 கிராம். கார்ட்ரிட்ஜ் ஆடியோ டெக்னிக்கா விஎம் 95இ, 6.1 கிராம். திருகுக்கு ஒரு கிராம். மொத்தம் 18.1. இங்கே ஒரு பொடி விஷயம்: ஜப்பான்காரர்கள் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து 7 என்று போடுவார்கள். நமக்குத் தேவை 10 ஹெர்ட்ஸ் கணக்கு, அது ஏறக்குறைய இரட்டிப்பு, 14 என்று வைத்துக்கொள்ளலாம். 18.1ஐ 14ஆல் பெருக்கினால் 253, வர்க்கமூலம் 15.9. 159ஐ அதனால் வகுத்தால் 10. இதைப் பார்க்காமல் பெட்டியில் போட்டிருந்த 7ஐ அப்படியே வைத்துக் கணக்குப் போட்டு 14 என்று வந்ததும், தப்பான ஆர்மை வாங்கிவிட்டோமே என்று ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆர்மில் ஒரு சங்கடம், கார்ட்ரிட்ஜ் மாட்டும் முனையான ஹெட்ஷெல்லைக் கழற்ற முடியாது. முனையும் தண்டும் ஒரே வார்ப்பு. வீட்டில் அம்மாவின் '78' ரகப் பழைய ரெக்கார்டுகள் (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுபவை) ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அந்தப் பள்ளம் அகலம், எல்பி ஊசி அதன் அடியில் போய்ச் சுரண்டும். கழற்றி மாட்டும் ஹெட்ஷெல் உள்ள ஆர்ம் என்றால் இரண்டு கார்ட்ரிட்ஜ் வைத்துக்கொள்ளலாம். என் கார்ட்ரிட்ஜுக்கு 78க்கென்றே தனி ஊசி கிடைப்பதால், உடலை அப்படியே விட்டுவிட்டு ஊசியை மட்டும் உருவி மாற்றுகிறேன். நிறைய 78 வைத்திருப்பவருக்கு நான் ரேகாவைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இப்போது ஓட்டைக்கு வருவோம்.

ரெக்கார்டு வெட்டும் இயந்திரத்தில் வெட்டுமுனை நேர்கோட்டில் நகர்கிறது. நம் ஆர்ம் ஓர் அச்சில் சுழல்வதால் வில் போட்டு நகர்கிறது. வில்லும் நேர்கோடும் எங்கும் ஒத்துப்போகாது, இரண்டே இடத்தில்தான் ஊசி பள்ளத்துக்குச் சரியான கோணத்தில் நிற்கும். இந்தக் கோணத்தை ஆராய்ந்த லோஃப்கிரென் 1938லும் பெயர்வால்ட் 1941லும் போட்ட கணக்குப்படி அந்த இரண்டு இடங்கள் மையத்திலிருந்து சுமார் 66 மில்லியும் 120.9 மில்லியும். இது அமைய, ஆர்மின் சுழல் அச்சுக்கும் பிளாட்டரின் நடு முளைக்கும் உள்ள தூரம் ஒவ்வோர் ஆர்முக்கும் ஒரே எண்தான். ரேகாவுக்கு 222 மில்லி, ஜெல்கோ எஸ்ஏ 750 என்ற இன்னோர் ஆர்மின் ஒன்பது இன்ச் மாடலுக்கு 214. பழைய ஆர்ம் எடுத்த இடத்தில் புதுசை அப்படியே இறக்கினால் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஓட்டையின் விட்டமும் வேறு, தூரமும் வேறு.

மேல்தகட்டை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. மாமா கொண்டுவந்த சாமான். பழைய ஓட்டையை மூடுகிற மாதிரி மேலே ஒரு தேக்குப் பலகைத் துண்டை வைத்து முடுக்கி, அதில் புது ஓட்டை போடலாம் என்று முடிவு செய்தேன். ஆர்மின் அடித்தண்டு கீழே இறங்க, தகட்டு ஓட்டையின் ஒரு விளிம்பை மட்டும் அரத்தால் கொஞ்சம் ராவ வேண்டியிருந்தது. தேக்குக்கு நம் ஊரில் பஞ்சமா? இடித்த மரவீட்டு நிலைக்கால் ஒன்றைத் தெருக்கோடி ஆசாரி வைத்திருந்தார். பர்மாத் தேக்கு அறுபது வருஷம் மழையில் நின்றும் நேராகவே இருந்தது. பலகையின் கனம்தான் ஆர்மின் உயரத்தைத் தீர்மானிக்கும் என்பதால் மூன்று கனத்தில் அறுத்துத் தரச் சொன்னேன். "ஒரு மில்லி கூடக் கொறைய ஆனா பாட்டு நின்னுடுமா தம்பி?" என்றார். சிரித்தேன். அடுத்த வாரம் அவரிடமே திரும்பிப் போனேன்.

என்ன நடந்தது என்றால், எஃகு ஸ்கேலின் முனையை நடு முளையின் பக்கவாட்டில் அணைத்து வைத்து, அங்கிருந்து 222 அளந்து குறி போட்டேன். ஓட்டை சுத்தமாக விழுந்தது, ஆர்ம் உட்கார்ந்தது, எல்லாம் அழகு. பிறகு கோணம் பார்க்கும் தாளை வைத்துப் பார்த்தால், கார்ட்ரிட்ஜை நீள்துளையின் கடைசி வரை தள்ளியும் ஊசி புள்ளியை எட்டவில்லை. ஒரு மில்லிக்கு மேல் குறைந்தது. அரை நாள் ஆர்மைத் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, முளையின் விட்டம் 7.2 மில்லி. நான் அளந்தது அதன் ஓரத்திலிருந்து. அதாவது பாதி, 3.6 மில்லி கூடுதலான தூரத்தில் ஓட்டை போட்டிருக்கிறேன்.

தேக்கு என்பதால் பிழைத்தேன், இன்னொரு துண்டு எடுத்தேன். தகட்டில் நேராகப் போட்டிருந்தால் கதை கந்தல். ஆகவே, ஸ்கேலை நம்பாமல் ஓர் அளவுகோல் செய்துகொள்ளுங்கள். கெட்டியான பட்டை ஏதாவது போதும், நான் உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேலையே பயன்படுத்தினேன். ஒரு முனையில் முளை இறுக்கமாக நுழையும்படி 7.2 மில்லி துளை. அந்தத் துளையின் நடுவிலிருந்து 222ல் ஊசித்துளை. முளையில் மாட்டிச் சுற்றினால் பலகையின் மேல் ஒரு வில் விழும். அந்த வில்லில் எந்தப் புள்ளியும் சரிதான், ஆனால் ஆர்மின் பின் எடை மூடியில் இடிக்காத, ஆர்ம் ஓய்விடத்தில் இருக்கும்போது ஊசி பிளாட்டருக்கு வெளியே நிற்கிற இடமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் அட்டையில் ஓட்டை போட்டு ஆர்மை நிறுத்திப் பாருங்கள். பிறகு பலகையில் ஆணியால் ஒரு குத்து, சின்ன டிரில், கடைசியில் வட்டமாக அறுக்கும் 24 மில்லி ஹோல் சா. இது பழைய, ஒற்றை நட்டு மாடலுக்கு. புது ரேகாக்களில் மூன்று திருகு, அதன் தாளைப் பாருங்கள்.

உயரம்: ரெக்கார்டின் மேல் ஊசி நிற்கும்போது தண்டு ரெக்கார்டுக்கு இணையாக இருக்க வேண்டும். எனக்கு ஆசாரியின் நடுக்கனப் பலகை சரியாக இருந்தது. ரேகாவில் ஏற்றி இறக்கும் வசதி கிடையாது, அடியில் வளையம் செருகித்தான் உயர்த்த முடியும்.

கோணத் தாளை இணையத்தில் எடுத்து அச்சடித்தால், அதிலிருக்கும் அளவுக்கோட்டை ஸ்கேலால் ஒரு தடவை அளந்துவிடுங்கள். பிரிண்டர் சத்தமில்லாமல் 97 சதவீதத்துக்குச் சுருக்கிவிடும். ரேகா தன் கணக்கில் ஊசியைப் பெயர்வால்ட் கணக்கைவிட ஏறக்குறைய 2 மில்லி பின்னால், ஆர்மின் சுழல் அச்சுப் பக்கமாக வைக்கிறது. எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். நான் கம்பெனி அளவிலேயே விட்டுவிட்டேன், பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ச'வும் 'ஷ'வும் சீறாமல் வருகின்றன.

நான்கு வயர்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். முடி மாதிரி இருக்கும், பிடித்து இழுத்துவிடாதீர்கள். கார்ட்ரிட்ஜ் காலில் நேரடியாக ஈயம் வைத்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் போய்விடும். மூக்குக் குறடால் கிளிப்பை மெதுவாகத் தள்ளினால் போதும். பழைய ரேகாவில் ஆர்மின் எர்த் இடது சேனலோடு சேர்ந்தே வரும், ஆனால் லென்கோவின் உடம்புக்குத் தனியாக ஓர் எர்த் வயர் எடுத்து ஆம்பிளிஃபையரில் கட்டாவிட்டால் ஹம் நிற்காது.

ஊசியின் அழுத்தம் 2 கிராம். முதலில் ஆன்டிஸ்கேட்டை (ஆர்ம் நடுப்பக்கம் இழுபடாமல் பிடிக்கும் அமைப்பு) சைபரில் வைத்து ஆர்மைத் தராசு மாதிரி மிதக்கவிட்டு, பின் எடையைத் திருகி அழுத்தம் கொடுக்க வேண்டும். அளக்க என்னிடம் எதுவும் இல்லை. நகைக்கடை வைத்திருக்கும் நண்பன் தன் தராசை வீட்டுக்கே கொண்டுவந்தான். ஊசியை இறக்கினால் 1.1 என்கிறது, கொஞ்சம் தள்ளி இறக்கினால் 2.9. "ஒன் ஊசிக்கே செய்கூலி சேதாரம் போடணும்போல" என்றான். தராசின் தட்டு இரும்பு, கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம்! ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியைத் தட்டின் மேல் கவிழ்த்து வைத்துச் சைபர் ஆக்கிவிட்டு, தராசு ரெக்கார்டின் உயரத்திலேயே இருக்கும்படி பிளாட்டரைக் கழற்றி அளந்ததும் எண் நின்றது.

கரண்ட் விஷயம் தனி. இங்கே கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் பாட்டு. மலிவு இன்வெர்ட்டரில் போட்டால் மோட்டார் உறுமும், அந்த உறுமல் ஊசி வழியாக ஸ்பீக்கருக்கும் வரும். புது ஆர்மைச் சந்தேகப்பட்டு நான் இரண்டு தடவை கழற்றி மாட்டியது இதனால்தான். ஜெனரேட்டரில் உறுமல் இல்லை, ஆனால் 50 ஹெர்ட்ஸ் 48 ஆனால் பாட்டு கிட்டத்தட்ட அரைக் கட்டை இறங்கிவிடும். லென்கோவில் லீவரை நகர்த்தியே வேகத்தைச் சரிசெய்யலாம் என்பது பெரிய வசதி. போன மழைக்காலத்தில் அப்படித்தான் ஒரு 78ஐப் போட்டுவிட்டு லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... ஆங், அங்க நிறுத்து" என்றார். லீவருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஜெனரேட்டருக்கு.