வீட்டுக்கு எந்த வைஃபை ரூட்டர் வாங்கலாம்? அதையே நாலைந்து வாங்கி மண்டபத்துக்கும் மாட்டலாமா?

கேட்டவர் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். அவருடையது மாடி வீடு. கீழே இருக்கும் வைஃபை மேலே எட்டவில்லை. சொந்தக்காரர் ஒருவர் கல்யாண மண்டபம் நடத்துகிறார். அங்கேயும் விருந்தினர்களுக்கு வைஃபை போட வேண்டும். வீட்டுக்கு வாங்கும் ரூட்டரையே நாலைந்து வாங்கினால் மலிவாக முடிந்துவிடுமே என்கிறார்.

திருநெல்வேலி வட்டாரத்தில் 14 வருடமாகக் கேமராவும் நெட்வொர்க்கும் போடுவதுதான் எனக்குத் தொழில். மண்டபத்துக்கு வீட்டு ரூட்டர் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன், முதலில் வீடு.

கடையில் பெட்டி மேல் 1200, 3000 என்று பெரிய எண் போட்டிருக்கும். அது ரூட்டரில் இருக்கும் இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்டது. 1200 என்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ், 5 ஜிகாஹெர்ட்ஸில் 867. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அந்த 867-உம் ஏட்டுக் கணக்குதான். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். கேபிள் சொருகும் போர்ட் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்), 10/100-ஆ? மலிவு ரூட்டர்கள் சிலவற்றில் வெளியே 1200 என்று எழுதியிருந்தாலும் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு, 95-ஐத் தாண்டாமல் கம்பெனிக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த வீடுகளுக்கு நானே போயிருக்கிறேன்.

வைஃபை 6 வாங்குங்கள், 100 முதல் 300 எம்பிபிஎஸ் வரையிலான பிளானுக்கு அது தாராளம். வைஃபை 7-க்கு இப்போது கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைக் கேபிளில் போடுங்கள். அதன் பெரிய கவர்ச்சி 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் (அலைவரிசைக்குள் டேட்டா போகும் பாதை). அது 6 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் உண்டு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2025 மே மாதம் வரைவாக வந்த விதி அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதிக்கு மட்டும், 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை. மொத்தமே 500. அதில் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும்.

ஆனால் எந்த ரூட்டர் என்பதைவிட அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் வீட்டில் முக்கியம். ஃபைபர் போட வரும் ஆள், வயர் எந்த ஜன்னல் வழியாக நுழைகிறதோ அந்த மூலையிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் இருக்கும்போதே நடு ஹால் வரை இழுத்துத் தரச் சொல்லுங்கள், பத்து மீட்டர் ஃபைபருக்குப் பெரிய செலவு ஆகாது. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் பிள்ளைகள் கை எட்டக்கூடாது என்று ரூட்டரை இரும்பு பீரோ மேல், சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் போனை வைத்துப் பார்த்தால் மைனஸ் 78 டெசிபல். (இந்த எண் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 67 வரை வீடியோ கால் நன்றாகப் போகும், 75-ஐத் தாண்டினால் திக்கும்.) ரூட்டரை எதிர்ச்சுவர் ஷெல்ஃபுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். அதே இடத்தில் மைனஸ் 60 வந்தது. அந்த அம்மா புது ரூட்டருக்கு எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே மிச்சம். டிவிக்குப் பின்னால், முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த அலமாரிக்குள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைப்பதும் இதே தப்புதான்.

மாடிக்கு வருவோம். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தை 5 ஜிகாஹெர்ட்ஸ் தாண்டிப் போனாலும் வலு இருக்காது. நாலு ஆன்டெனா இருந்தாலும் எட்டு இருந்தாலும் அதே கதைதான். கீழே விலை உயர்ந்த ரூட்டர் ஒன்று வைப்பதைவிட, மாடிக்கு ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் ஏற்றி, அங்கே ஒரு சாதாரண ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) மாட்டுவது எவ்வளவோ மேல். பழைய கேபிள் டிவி வயருக்காகச் சுவருக்குள் போட்ட பைப் பெரும்பாலான வீடுகளில் சும்மா கிடக்கிறது, அதிலேயே இழுத்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் மட்டும் மெஷ், அதாவது கேபிள் இல்லாமல் ஒன்றிடம் இருந்து ஒன்று சிக்னல் வாங்கிப் பரப்பும் பெட்டிகள். அதன் இரண்டாவது பெட்டியை சிக்னல் கிடைக்காத அறையில் வைத்துவிட்டு "வேலை செய்யலை" என்கிறார்கள். அதற்கே சிக்னல் எட்டவில்லை என்றால் மேற்கொண்டு எதைக் கொடுக்கும்? மாடிப்படித் திருப்பத்தில், கீழ் ரூட்டர் இன்னும் நன்றாகத் தெரியும் இடத்தில் வையுங்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு துண்டைச் சீவிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைப் பிளேடால் சுரண்டினால் அடியிலும் செம்பு நிறமே தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது. கேட் 6 என்று மேலே அச்சடித்து விற்பார்கள். ஆரம்பத்தில் ஓடும். ஆனால் இரண்டு தடவை மடக்கினால் முறியும், கேபிள் வழியாகவே கரண்ட் அனுப்பும்போது சூடேறும், தூரம் போனால் வோல்டேஜ் இறங்கும். மண்டபத்துக்கு இதை மறக்கவே கூடாது.

இனி மண்டபம்.

2017 ஆவணியில் ஒரு மண்டபத்துக்காரர் என்னை அழைத்தார். "எப்பா, நாலு ரூட்டர் வாங்கி மாட்டிரு, போதும்லா?" என்றார். நானும் சரி அண்ணாச்சி என்று வீட்டு ரூட்டர் நாலு வாங்கி நாலு தூணில் மாட்டினேன். முதல் நாள் ராத்திரி காலி ஹாலில் மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், 70 எம்பிபிஎஸ் வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் அக்கா சிங்கப்பூரில் இருந்து பார்க்கக் காத்திருந்தார். கைக்குழந்தை என்பதால் வர முடியவில்லை. வீடியோக்காரர் லைவை இந்த வைஃபையில்தான் கொடுத்திருந்தார். கெட்டிமேளம் கேட்டதும் நான் வாசலில் இருந்து உள்ளே ஓடினேன். மாப்பிள்ளையின் அம்மா போனை என்னிடம் நீட்டினார். மணமேடைப் படம் அப்படியே உறைந்து நிற்க, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "தம்பி, தாலி கட்டியாச்சா, ஆச்சான்னு அவ மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்கா." அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து காரணம் தேடினேன். முதலாவது, ஐபி முகவரி, அதாவது சேரும் ஒவ்வொரு போனுக்கும் ரூட்டர் கொடுக்கும் எண். வீட்டு ரூட்டர் கொடுக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 250, ஒரு தடவை கொடுத்தால் 24 மணி நேரத்துக்கு அந்தப் போனுக்கே ஒதுக்கிவிடும். காலை டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் முகவரியையும் எடுத்துக்கொண்டே போய்விட்டார்கள். முகூர்த்தத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

இரண்டாவதுதான் உண்மையான வில்லங்கம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ரேஷன் கடை வரிசை மாதிரி. கார்டைத் தயாராக வைத்திருப்பவர் ஒரு நிமிஷத்தில் நகர்ந்துவிடுவார். கைரேகை விழாத பெரியவர் நின்றால் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். பந்திக் கூடத்தின் கடைசி மூலையில், பழைய போனில், 1 எம்பிபிஎஸ் வேகத்தில் தத்தித் தத்திப் பேசும் ஒருவர் அந்த மாதிரி. சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும்படி விட்டதால் என் நாலு ரூட்டரும் 2.4-இல் ஒரே சேனலைப் பிடித்திருந்தன. அதனால் நாலு வரிசை இருப்பதாக நான் நினைத்தது ஒரே வரிசைதான். 5 ஜிகாஹெர்ட்ஸிலும் சேனலை 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் விட்டிருந்தேன், அகலம் கூடினால் தனித்தனிச் சேனல் குறைந்துவிடும். மொத்த ஹாலும் ஒரே கௌண்டரில் நின்றது.

மூன்றாவது, மனித உடம்பு. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது சிக்னலைக் குடித்துவிடும். காலி ஹாலில் எடுத்த அளவு ஆள் நிறைந்த ஹாலுக்குப் பொருந்தாது. தூணில் ஆள் உயரத்தில் மாட்டாமல் மேலே கூரையில் இருந்து கீழ்நோக்கி மாட்டுவது இதற்காகத்தான்.

ஆகவே பொது இடத்துக்கு வாங்கும்போது வேகத்தைப் பார்க்காமல் ஆள் கணக்கில் இருந்து ஆரம்பியுங்கள். 1000 பேர் மண்டபம் என்றால் ஒரே நேரத்தில் 500 போன் சேரும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கு 50 என்று என் கணக்கு. விளம்பரத்தில் 250, 500 என்று சொல்வார்கள். அது சேரக்கூடிய எண்ணிக்கை, பேசக்கூடிய எண்ணிக்கை இல்லை. அப்படியானால் பத்து வேண்டும், எல்லாம் ஒரே கன்ட்ரோலரின் (எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இருந்து நடத்துவது) கீழ். ஓமாடா, யூனிஃபை, அரூபா இன்ஸ்டன்ட் ஆன் என்ற பிராண்டுகளில் எது எடுத்தாலும் நடுத்தர மண்டபத்துக்குச் சரி. உங்கள் ஊரில் பழுதானால் இரண்டு நாளில் மாற்றித் தரும் ஆள் எதற்கு இருக்கிறார் என்று பார்த்து எடுங்கள். சில உயர்ரகக் கருவிகளுக்கு வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் நின்றே போகும். வாங்குமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் மாற்ற வேண்டியவை: 2.4-ஐ மூன்று ஆக்சஸ் பாயின்ட்டில் மட்டும் விட்டுவிட்டு மற்றதில் அணைத்துவிடுங்கள். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 5 ஜிகாஹெர்ட்ஸில் அகலத்தை 20-க்குக் குறைத்தால் இருபதுக்கு மேல் தனித்தனிச் சேனல் கிடைக்கும், பத்துக்கும் பத்து வரிசை. பவரையும் குறையுங்கள். ஊரெல்லாம் கேட்கக் கத்தினால் பக்கத்தில் இருப்பவர் பேச முடியாது. 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் என்ற பழைய வேகங்களை அணையுங்கள், மூலையில் இருக்கும் போன் பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்டைத் தேடிப் போகும். ஐபி முகவரியை 1000-க்கு மேல் வைத்து ஒரு மணி நேரத்தில் திரும்ப வாங்குங்கள். ஒரு போன் இன்னொரு போனைப் பார்க்க முடியாதபடி பூட்டுங்கள். மண்டப ஆபீஸ் கம்ப்யூட்டரும் கேமராவும் விருந்தினர் வைஃபையோடு ஒரே நெட்வொர்க்கில் இருக்கவே கூடாது.

கேபிள் வழியாகவே கரண்டும் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சில் ஏமாறாதீர்கள். ஒவ்வொரு போர்ட்டும் 30 வாட் கொடுக்கும் என்று போட்டிருக்கும், ஆனால் மொத்தமே 60 வாட்டாக இருக்கும். 15 வாட் இழுக்கும் ஆக்சஸ் பாயின்ட் நாலு மாட்டினால் தீர்ந்தது. மொத்த வாட் எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டியிருந்தால் செம்புக் கேபிள் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். ஐப்பசி இடியில் வெளியே ஓடிய கேபிள் வழியாக ஸ்விட்சும் கேமராக்களும் சேர்ந்து கருகியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு போனுக்கும் 2 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்துங்கள், 300 எம்பிபிஎஸ் லைன் ஒன்றே தாங்கும். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல்லும் தொடங்கிய நிலைய வைஃபை 2018 ஜூனில் 400 நிலையங்களைத் தொட்டது. பின்னால் ரயில்டெல் தனியாக நடத்தியபோது இலவசமாகக் கொடுத்தது ஒரு நாளைக்கு அரை மணி நேரம், 1 எம்பிபிஎஸ்தான். கூட்டத்துக்குக் கொடுக்கும்போது அளந்துதான் கொடுக்க முடியும்.

பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டிவிடாதீர்கள். யாராவது அதில் தப்பு வேலை செய்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில். போன் நம்பருக்கு ஓடிபி வந்து நுழையும்படி வையுங்கள், யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவுகளையும் பத்திரப்படுத்துங்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதாக இருந்தால் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் சேரலாம். இடம் கொடுத்து நடத்துபவருக்கு அதில் உரிமமோ பதிவோ கட்டணமோ கிடையாது, கணக்கு வழக்கை மேலே இருக்கும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று, உங்கள் சொந்தக்காரரிடம் இதை முதலில் சொல்லுங்கள். ஹாலுக்கு எத்தனை ஆக்சஸ் பாயின்ட் போட்டாலும் மேடைக்குத் தனியாக ஒரு கேபிள் இழுத்து, மணமேடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சாக்கெட் வைத்துவிடுங்கள். லைவ் கேமரா அதில் மட்டும்தான் சொருக வேண்டும். ஸ்விட்சில் அந்த போர்ட்டுக்கு முதல் உரிமை கொடுங்கள். ஸ்விட்சும் ஃபைபர் பெட்டியும் மண்டபத்து ஜெனரேட்டரை நம்பாமல் ஒரு யூபிஎஸ்ஸில் இருக்கட்டும், ஜெனரேட்டர் எடுக்கும் அந்த அரை நிமிஷத்தில்தான் தாலி கட்டுவார்கள். 2017-க்குப் பிறகு நான் போட்ட எல்லா மண்டபத்திலும் இந்தச் சாக்கெட் இருக்கிறது. அதற்கு மட்டும் நான் கூலி வாங்குவதில்லை.