கேள்வி – பதில்: கடற்கரைக் காணொளிக்கு எந்த வடிவம்?

கேள்வி: உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். நிலாவெளிக் கடற்கரையை ஐபோனில் 4கே தரத்தில் 40 விநாடி எடுத்து எங்கள் இணையத்தளத்தில் போட்டோம். என் போனில் நன்றாக ஓடுகிறது. அறை கேட்டு வருபவர்களில் சிலரோ சத்தம் மட்டும் வருகிறது, படம் இல்லை என்கிறார்கள். கோப்பின் பெயரை மூவ் என்பதிலிருந்து எம்பி4 என்று மாற்றியும் சரிவரவில்லை. வெப்எம் நல்லதா?
– வாசகர், உப்புவெளி

பதில்: மூவ், எம்பி4 எல்லாம் வெறும் உறைகள். உள்ளே படம் எந்தக் கோடெக்கில் (சுருக்கி விரிக்கும் முறையில்) சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம்; பெயரை மாற்றினால் அது மாறாது. புதிய ஐபோன்கள் வழமையாக எச்இவிசி என்ற கோடெக்கில் பதிகின்றன. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அதை விரிக்க வசதியில்லை. ஒலி ஏஏசி என்ற பரவலான முறையில் இருப்பதால் அது மட்டும் கேட்கிறது.

எம்பி4 உறையில் எச்.264 என்ற பழைய, பரவலான கோடெக்கில் படமும் ஏஏசி ஒலியும் போடுங்கள். இன்று பாவனையிலுள்ள அநேகமாக எல்லா உலாவிகளும் இதை ஓட்டும். வெப்எம் என்ற மற்றொரு உறை பெரும்பாலும் சற்றுச் சிறிய கோப்பைத் தரும், ஆனால் பழைய ஐபோன்களில் ஓடாது. 40 விநாடிக்கு இரண்டு கோப்புகளைப் பராமரிப்பது வீண் வேலை.

மாற்றுவதற்கு இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக் போதும். ‘ஃபாஸ்ட் 720பி30’ முன்னமைவைத் தெரிந்து, வடிவம் எம்பி4, கோடெக் எச்.264 என்று இருக்கிறதா பாருங்கள். ‘வெப் ஆப்டிமைஸ்ட்’ பெட்டியில் கட்டாயம் சரி அடையாளம் இடுங்கள். இல்லாவிட்டால் கோப்பின் அட்டவணை கடைசியில் போய் உட்காரும். காணொளி தொடங்கத் தாமதமாகும்.

உங்கள் சிக்கல் கடல்தான். முந்தைய படத்திலிருந்து மாறாத பகுதியைத் திரும்ப எழுதாமல் விடுவதால்தான் கோப்பு சுருங்குகிறது. அலையிலோ ஒவ்வொரு நுரையும் மாறிக்கொண்டே இருக்கும். ஹேண்ட்பிரேக்கின் தர எண் ஆர்எஃப்; அது கூடினால் கோப்பு சிறிதாகும், தரம் குறையும். அறையைக் காட்டும் காட்சிக்கு ஆர்எஃப் 23 பொருந்தும். அலைக்கு 25 அல்லது 26 வைத்துப் பாருங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் 40 விநாடி சுமார் 10 மெகாபைட். கோப்பு 10 மெகாபைட்டைத் தாண்டினால் தரத்தை மேலும் குறைப்பதை விட நீளத்தை 20 விநாடியாக வெட்டுங்கள். வருபவர் மொபைல் டேட்டாவில்தான் பார்க்கிறார். கமராவை முக்காலியில் வைத்து எடுத்தால் வானமும் மணலும் அசையாது, கோப்பும் இறங்கும்.

நிறம் வெளிறித் தெரிந்தால், வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வீச்சில் பதியும் எச்டிஆர் முறை காரணமாக இருக்கலாம். அடுத்த முறை எடுக்குமுன் போனின் கமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள்.

பக்கம் திறந்ததும் தானாக ஓட வேண்டுமென்றால் பக்கத்தின் எச்டிஎம்எல் குறியீட்டிலுள்ள வீடியோ டேக்கில் ‘ஆட்டோபிளே’யுடன் ‘மியூட்டட்’, ‘பிளேஸ்இன்லைன்’ இரண்டும் இருக்க வேண்டும். ஒலியுடன் தானாக ஓடுவதை உலாவிகள் பொதுவாகத் தடுத்துவிடும். எப்படியும் ஒலி கேட்காது என்பதால் ஒலித்தடத்தையே நீக்கிவிடலாம். காற்றின் இரைச்சலும் போகும்.

இவ்வளவும் செய்த பிறகு ஐபோனில் மட்டும் ஓடவில்லை என்றால், கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும்போது சேவையகம் 206 (கேட்ட பகுதியை மட்டும் தருகிறேன் என்ற குறியீடு) என்று பதில் தருகிறதா என உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் விசாரியுங்கள். அது இல்லாமல் ஐபோனின் உலாவியான சஃபாரி காணொளியை ஓட்டாது.