தந்தக் கட்டிலும் யோசேப்பின் ஆபத்தும்: கேள்வி பதில்

ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 6-ஆம் அதிகாரத்தைப் பற்றிச் சென்ற மாதம் பேசியிருந்தேன். "சீயோனிலே நிர்விசாரமாய் இருந்து" என்று தொடங்கி, தந்தக் கட்டில்களில் படுத்து விருந்துண்ட பெரிய மனிதர்களைக் கண்டிக்கும் அதிகாரம் அது. அதைத் தொட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பழைய ஏற்பாட்டை நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆனாலும் இந்த அதிகாரத்தை ஒருமுறைகூட நிம்மதியாக வாசித்து முடித்ததில்லை. வசனங்களை நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன்.

ஐயா, ஆமோஸ் கண்டித்தது யாரை? தேவனை அறியாதவர்களைத்தானே?

இல்லை. தவறாமல் ஆராதனைக்குப் போனவர்களை. அவர் பேசிய விதத்தைக் கவனியுங்கள். முதலில் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்து நாடுகளின் குற்றங்களை வரிசையாகச் சொல்கிறார். கேட்டவர்கள் "ஆமென், ஆமென்" என்று தலையசைத்திருப்பார்கள். அடுத்து யூதா. கடைசியில் இஸ்ரவேல். மற்ற எவருக்கும் இல்லாத அளவுக்கு நீளமான குற்றப்பட்டியல் அவர்களுக்குத்தான்.

இந்த ஜனங்களிடம் பக்திக்குக் குறைவே இல்லை. பலிகள் உண்டு, தசமபாகம் உண்டு, பண்டிகைகளும் பாட்டுகளும் உண்டு. 8-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனத்தைப் பாருங்கள். அவர்கள் ஓய்வுநாளில் கடையைத் திறக்கவில்லை! கட்டளையை அப்படியே கைக்கொண்டார்கள். கைக்கொண்டபடியே, அது "எப்போது முடியும்" என்று காத்திருந்தார்கள். முடிந்ததும் "மரக்காலைக் குறைத்து, சேக்கல் நிறையை அதிகரித்து" விற்றார்கள். அன்று நாணயம் புழக்கத்தில் இல்லை. வெள்ளியை எடைபோட்டே விலை கொடுத்தார்கள். மரக்கால் சிறியதாக இருந்தால் வாங்குகிறவனுக்குத் தானியம் குறையும். எடைக்கல் கனமாக இருந்தால் அவன் கொடுக்க வேண்டிய வெள்ளி கூடும். ஒரே வியாபாரத்தில் ஏழை இரண்டு முறை ஏமாந்தான். கிடைத்த தானியத்திலும் பதர். ஆலயத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்று பாடியவர்தான் இந்த வியாபாரி.

தந்தக் கட்டில் என்பது உவமையா, உண்மையிலேயே இருந்ததா? கல்லூரியில் வரலாறு படிக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

நல்ல கேள்வி, தம்பி. உண்மையிலேயே இருந்தது. வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலின் தலைநகரம் சமாரியாவின் இடிபாடுகளில் 1908 முதல் 1910 வரையிலும், பிறகு 1931 முதல் 1935 வரையிலும் அகழாய்வுகள் நடந்தன. அங்கே தந்தத்தில் செதுக்கிய அலங்காரத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. மரச்சாமான்களிலும் கட்டில்களிலும் பதிக்கும் வேலைப்பாடு அது. தாமரை மலர்கள், சிறகுள்ள உருவங்கள், தாமரைமேல் அமர்ந்த எகிப்தியக் குழந்தைத் தெய்வம் எல்லாம் அவற்றில் உண்டு. யானை இல்லாத தேசத்துக்குத் தந்தம் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே ஆமோசின் கேள்வி.

அதற்குப் பாதிப் பதில் 1910-இல் அதே இடத்தில் கிடைத்தது. மையால் எழுதிய பானையோடுகள். அறுபதுக்கும் மேற்பட்டவற்றை இன்றும் வாசிக்க முடிகிறது. எல்லாம் சின்னச் சின்னக் குறிப்புகள்: இன்ன வருஷம், இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம், இன்ன ஊரிலிருந்து ஒரு ஜாடி சுத்தமான எண்ணெய். இஸ்ரவேலின் ராஜாவான, யோவாசின் குமாரன் யெரொபெயாமின் காலத்தைச் சேர்ந்தவை என்று அறிஞர்களில் பலர் கருதுகிறார்கள். அதுவே ஆமோசின் காலம். இப்போது 6-ஆம் அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தை வாசியுங்கள்: அவர்கள் "பெரிய பாத்திரங்களில் மதுபானத்தைக் குடித்து, சிறந்த பரிமளதைலங்களை" பூசிக்கொள்ளுகிறார்கள். சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களின் திராட்சரசமும் எண்ணெயும் மலைமேல் இருந்த தலைநகரத்துக்கு ஏறிப்போனதற்கு அந்த ஓடுகளே ரசீது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பெரிய பாத்திரங்கள்" என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் "மிஸ்ராக்" என்ற சொல் இருக்கிறது. பலிபீடத்தில் இரத்தம் தெளிக்கும் கலங்களுக்கு யாத்திராகமத்தில் வரும் அதே சொல். கோப்பை போதாமல், ஆலயத்துக்குரிய பெயரைத் தாங்கிய பாத்திரத்தை எடுத்துக் குடித்திருக்கிறார்கள். 7-ஆம் வசனத்தில் வரும் "விருந்து" என்ற சொல்லும் சாதாரண விருந்தைக் குறிப்பதல்ல. அது "மர்ஸேயாக்", வசதி படைத்தவர்கள் கூடிக் குடிக்கும் சங்கம். ஆமோசுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய, சிரியாவின் கடற்கரையில் இருந்த உகாரித்து நகரத்தின் களிமண் பலகைகளிலேயே இப்படிப்பட்ட சங்கங்கள் வருகின்றன. சொந்தமாக வீடும் திராட்சத்தோட்டமும் வைத்திருந்த சங்கங்கள் அவை.

பணக்காரராக இருப்பதே பாவமா? நல்ல சாப்பாடு சாப்பிட்டால்கூட எனக்கு மனம் குத்துகிறது, ஐயா.

சகோதரி, எரேமியா 22-ஆம் அதிகாரம் உங்களுக்காகவே இருக்கிறது. யூதாவின் ராஜா யோயாக்கீம் எகிப்துக்கு நூறு தாலந்து வெள்ளியும் ஒரு தாலந்து பொன்னும் கட்ட வேண்டியிருந்தது. அதை ஜனங்களிடமிருந்து வசூலித்தான். அதே ராஜா விசாலமான மேலறைகளோடு அரண்மனை கட்டி, கேதுருப் பலகை பதித்து, சிவப்பு வருணம் பூசினான். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. அவனிடம் எரேமியா அவனுடைய தகப்பன் யோசியாவைப் பற்றிக் கேட்கிறார்: "உன் தகப்பன் போஜனபானம்பண்ணி, நியாயமும் நீதியுஞ்செய்யவில்லையோ?"

யோசியாவும் சாப்பிட்டார், குடித்தார். அதை எரேமியா குற்றமாகச் சொல்லவில்லை, நன்றாகவே சொல்கிறார். சிறுமையும் எளிமையுமானவனுடைய வழக்கை அவர் விசாரித்தார் என்று சொல்லிவிட்டு, தேவனை அறிகிற அறிவு அதுவே என்கிறார். உங்கள் தட்டில் இருக்கும் உணவு உங்களைக் குற்றப்படுத்தவில்லை. அதைச் சமைத்தவருக்கும் விளைவித்தவருக்கும் சேரவேண்டியது சேர்ந்ததா என்று மட்டும் கேளுங்கள். சேர்ந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

"யோசேப்புக்கு நேரிட்ட ஆபத்துக்குக் கவலைப்படாமற்போகிறார்கள்" என்கிறாரே. யோசேப்பு ஏன் திடீரென்று இங்கே வருகிறார்?

வடக்கு ராஜ்யத்தின் முக்கியக் கோத்திரங்களான எப்பிராயீமும் மனாசேயும் யோசேப்பின் பிள்ளைகள். ஆகவே அந்த நாட்டுக்கே அப்படி ஒரு பெயர் உண்டு. அகராதி அளவில் பதில் இவ்வளவுதான். ஆனால் ஆதியாகமம் 37-ஐத் திறந்து பாருங்கள். அண்ணன்மார் தம்பி யோசேப்பின் அங்கியைக் கழற்றி, அவனைத் தண்ணீரில்லாத குழியில் போட்டார்கள். அடுத்து என்ன செய்தார்கள்? சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அவன் கத்தியிருப்பான். கெஞ்சினான் என்பதை 42-ஆம் அதிகாரத்தில் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்: அவன் மனவேதனையைக் கண்டும் கேளாமற்போனோமே என்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் தம்பி அழுகிறான், இவர்கள் அப்பத்தைப் பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆமோஸ் யோசேப்பின் பெயரை எடுத்தபோது இந்தக் காட்சியும் அவர் மனதில் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன். கட்டில், கன்றுக்குட்டி இறைச்சி, பாட்டு, தைலம் என்று மூன்று வசனங்களில் அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் இந்த ஒரு வரியில் குற்றத்தை வைக்கிறார். விருந்து நடந்த நேரத்தில் குழிக்குள் ஒரு தம்பி இருந்தான்.

தண்டனையும் அதற்கு ஏற்றதே. முதல் வசனத்தில் இவர்கள் ஜாதிகளில் முதன்மையானவர்கள். 6-ஆம் வசனத்தில் முதல்தரமான தைலம். 7-ஆம் வசனத்தில் சிறையிருப்புக்குப் போகிறவர்களின் "முன்னணியிலே" போவார்கள். எபிரெயத்தில் மூன்று இடங்களிலும் ஒரே வேரிலிருந்து வரும் சொற்கள். ஆமோஸ் பேசி நாற்பது ஆண்டுகள் போல ஆனபோது, கி.மு. 722 வாக்கில் சமாரியா விழுந்தது. 27,290 பேரைக் கொண்டுபோனதாக அசீரிய ராஜா சர்கோன் தன் கல்வெட்டில் பெருமையாக எழுதிவைத்தான்.

"பாசானின் மாடுகளே" என்ற வசனத்தைக் காட்டி, எங்கள் கூட்டங்களில் பெண்களின் சேலையையும் நகையையுமே கண்டிக்கிறார்கள். சரியா?

சரியல்ல. ஆமோஸ் 4:1-இல் சேலையும் இல்லை, நகையும் இல்லை. தரித்திரரை ஒடுக்கி, எளியவர்களை நொறுக்கி, அப்படி வந்த பணத்தில் குடிக்கக் கொண்டுவரச் சொன்னதே அங்கே குற்றம். பாசான் என்பது இன்று கோலான் என்று சொல்லப்படும் பகுதியை ஒட்டிய செழிப்பான மேய்ச்சல் நிலம். அந்த மாடுகள் கொழுத்தவை. பெண்களுக்கு இப்படி ஒரு சிறு பகுதி என்றால், 6-ஆம் அதிகாரத்தின் கண்டனம் நாட்டின் பெரிய மனிதர்களுக்கு. அதை விட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துப் பிரசங்கிக்கிறவர், தன்னைத் தொடாத வசனத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

சோதோமின் பாவம் என்ன?

எசேக்கியேல் 16:49 நேராகவே சொல்கிறது: "கெர்வமும், ஆகாரத்திரட்சியும், நிர்விசாரமான சாங்கோபாங்கமும்." அதாவது அகந்தை, நிறைந்த சாப்பாடு, கவலையற்ற சுகவாழ்வு. கூடவே, சிறுமையும் எளிமையுமானவனுடைய கையைச் சோதோம் பலப்படுத்தவில்லை. அடுத்த வசனம் அருவருப்பானதைச் செய்தார்கள் என்றும் சேர்க்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தீர்க்கதரிசி எதை முதலில் வைத்தார் என்பதைப் பாருங்கள். இது எருசலேமுக்குச் சொல்லப்பட்டது, சோதோம் "உன் சகோதரி" என்று.

கடன் வாங்கியாவது காணிக்கை கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று ஒரு ஊழியர் சொன்னார். மல்கியாவைக் காட்டினார். என் கணவர் கடன் வாங்கிவிட்டார். இப்போது என்ன செய்வது?

முதலில், அம்மா, உங்கள்மேல் குற்றமில்லை. இனி ஒரு ரூபாயும் அப்படிக் கொடுக்காதீர்கள். வட்டி ஏறாமல் கடனை அடைக்கும் வழியைப் பாருங்கள். குடும்பத்தில் மூத்தவர் ஒருவரையும் கூட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மல்கியா 3:10-ஐ அந்த ஊழியர் வாசித்தார், 3:5-ஐ வாசிக்கவில்லை. கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகத் தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்று கர்த்தர் அங்கே சொல்கிறார். தசமபாகம் எதற்காக? "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி." அந்த ஆகாரம் யாருக்கு? உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களின்படி, நிலம் இல்லாத லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். அது விளைச்சலில் பத்தில் ஒன்று. விளையாத வயலுக்குக் கடன் வாங்கிக் கட்டச் சொன்ன வசனம் ஒன்றுகூட இல்லை. மல்கியாவின் புத்தகத்தில் முதலாவது கண்டிக்கப்படுகிறவர்களும் ஆசாரியர்களே. ஜனங்கள் பிறகுதான் வருகிறார்கள்.

மீகா 3:11-ஐயும் உங்கள் கணவரோடு சேர்ந்து வாசியுங்கள்: "அதின் ஆசாரியர்கள் கூலிக்கு உபதேசிக்கிறார்கள், அதின் தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள்." இந்த ஒரே வாரத்தில் உங்களுடையதைப் போன்ற மூன்று கேள்விகள் எனக்கு வந்தன. இதற்காக நான் ஜெபிக்கிறேன், வெட்கப்படவும் செய்கிறேன்.

ஆகாய் தீர்க்கதரிசி ஆலயம் கட்டத்தானே சொன்னார்? எங்கள் சபை பெரிய கட்டடம் கட்டுகிறது, சிலர் எதிர்க்கிறார்கள்.

சொன்னார், கி.மு. 520-இல். ஆனால் அவர் கண்டித்தது "மச்சுப்பாவப்பட்ட", அதாவது பலகை பதித்து அலங்கரித்த, சொந்த வீடுகளில் இருந்துகொண்டு, பொதுவானதைப் பாழாய் விட்டவர்களை. உங்கள் கட்டடம் தேவையா இல்லையா என்று தூரத்திலிருந்து சொல்ல என்னால் ஆகாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை மாலை கூலி கைக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எரேமியா யோயாக்கீமிடம் கேட்டது அதைத்தான்.

நான் சிறு அளவில் அடகு பிடிக்கிறேன். சபையிலேயே ஒருவர் பொருளை வைத்துவிட்டு மீட்க முடியாமல் தவிக்கிறார். சட்டப்படி அது இப்போது என்னுடையது. வைத்துக்கொள்ளலாமா?

நீங்கள் இதைக் கேட்டதே எனக்கு ஆறுதலாக இருக்கிறது, சகோதரரே. ஆமோஸ் 2:8-இல், அடைமானமாய் வாங்கின வஸ்திரங்களின்மேல் ஒவ்வொரு பீடத்தருகிலும் படுத்துக்கொண்டவர்கள் வருகிறார்கள். அடகு வாங்குவதை நியாயப்பிரமாணம் தடுக்கவில்லை. நீங்கள் சொல்வதுபோலவே அது அனுமதிக்கப்பட்டது. ஆனால் யாத்திராகமம் 22:26, 27-இன்படி அயலானுடைய வஸ்திரத்தைப் பொழுது போகுமுன்னே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் இரவில் அவனுக்குப் போர்வை அது ஒன்றே; வேறு எதினாலே படுத்துக்கொள்ளுவான் என்று கேட்கிறது சட்டம். வசனத்துக்குள் இப்படி ஒரு கேள்வியை வைத்திருக்கிறாரே தேவன்! நீங்கள் முடிவெடுக்கும்முன், அந்தப் பொருள் அவருக்கு எப்படிப்பட்டது என்று அவர் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். பிழைப்புக் கருவியா, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததா, வெறும் அலங்காரமா? பார்த்தபின் எனக்கு எழுதுங்கள்.

அதற்குமுன் ஒரு மனுவைச் சொல்கிறேன். 1960-இல் இஸ்ரேலின் கடற்கரையோரம் ஒரு பழைய கோட்டையில் எழுத்துள்ள பானையோடு ஒன்று கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆமோசுக்கு நூறாண்டுக்கும் பிந்தியது. அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்கு எழுதுவித்த மனு அது. தன் பங்கு அறுவடையை முடித்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டதாகவும், அப்படியிருந்தும் மேற்பார்வையாளன் தன் வஸ்திரத்தைப் பிடுங்கிக்கொண்டதாகவும் முறையிடுகிறான். வெயிலில் தன்னோடுகூட அறுத்த சகோதரர் எல்லாரும் தனக்காகச் சாட்சி சொல்வார்கள் என்கிறான். வஸ்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறான். அதற்குப் பிறகு ஓடு உடைந்திருக்கிறது.