போட்டோஷாப்புக்குச் சந்தா கட்டியும் "அசல் மென்பொருள் அல்ல" என்று வருகிறதா?

மறுபடி பணம் கட்ட வேண்டாம். கிராக் போட்ட (காசு கட்டாமல் ஓட உரிமப் பூட்டை உடைத்த) போட்டோஷாப்பை நீக்கிவிட்டு உரிமத்தோடு நிறுவிய பிறகும் அந்த எச்சரிக்கை வருகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் கணக்கில் இருக்காது. கிராக் விட்டுப்போன மிச்சத்தில்தான் இருக்கும்.

முதல் சந்தேகம் ஹோஸ்ட்ஸ் கோப்பு, அதாவது எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று கணினி பார்க்கும் சிறு பட்டியல். அடோபி சர்வரோடு பேசவிடாமல் தடுக்கக் கிராக்குகள் அதில் வரிகளை எழுதி வைக்கும். மென்பொருளை நீக்கினாலும் அவை போகாது.

விண்டோஸ் என்றால் நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதில் ஓப்பன் கொடுத்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போங்கள். "எல்லாக் கோப்புகளும்" என்று தேர்ந்தெடுத்தால்தான் ஹோஸ்ட்ஸ் கண்ணில் படும். 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்று தொடங்கி அடோபி முகவரியில் முடியும் வரிகளை மட்டும் அழித்துச் சேமியுங்கள். ஃபயர்வாலிலும் (இணையத் தொடர்பை அனுமதிக்கும், தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு) இதே தடை இருக்கலாம், அதையும் பாருங்கள். அப்புறம் பழைய நிறுவலின் மிச்சத்தைத் துடைக்கும் அடோபியின் கிளீனர் டூலை ஓட்டிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள்.

ஒன்று மட்டும்: கிராக் போடும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லியிருக்குமே, அணைத்தீர்களா? அப்படியென்றால் எச்சரிக்கை நின்றதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முழு ஸ்கேன் செய்யுங்கள், கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். சந்தேகம் தீராவிட்டால் விண்டோஸையே புதிதாகப் போடுவது மேல். போட்டோஷாப்பில் செய்து வைத்த பழைய பிஎஸ்டி கோப்புகளை முன்பே வெளியே எடுத்து வையுங்கள். உரிமப் பதிப்பிலும் அவை திறக்கும்.