வெள்ளை பெல்ட்டின் முதல் பாடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ கற்கிறாள். இப்போது முதல் பேட்டர்னான, அதாவது வரிசை மாறாமல் செய்யும் முதல் அசைவுத் தொடரான, சோன்-ஜி. "சோன்-ஜி என்றால் வானும் பூமியும், உலகத்தின் தொடக்கம்" என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறாள். பெல்ட் தேர்வில் கேட்பார்களாம். நாலு பக்கமும் திரும்பித் தடுத்துக் குத்துவதில் உலகத்தின் தொடக்கம் எங்கே இருக்கிறது? கராத்தே பழகிய என் அண்ணனோ, "எல்லாம் ஜப்பான்காரனுடையது, பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள்" என்கிறார். உண்மையா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. இந்தப் பேட்டர்ன்களின் பின்னணியில் இருக்கும் ஜெனரல் சோய் ஹோங் ஹி 1918-ல், இன்றைய வடகொரியப் பகுதியில் பிறந்தவர். அப்போது கொரியா ஜப்பானின் காலனி. படிக்கப் போன ஜப்பானில் கராத்தே கற்றுக்கொண்டார். கராத்தேயின் ஒரு பிரிவான ஷோட்டோகானில் புதிதாகச் சேர்பவர்களுக்கு தைக்யோகு ஷோதான் என்று ஒரு கட்டா உண்டு; பேட்டர்னுக்குக் கராத்தேயில் அதுதான் பெயர். கீழ்த்தடுப்பு, ஓர் அடி முன்னே வைத்துக் குத்து, திரும்பி மறுபடியும் அதே. சோன்-ஜியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொந்தம் தெரிந்துவிடும்.

ஆனால் "பெயரை மட்டும்" என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 35 ஆண்டு ஆண்ட ஜப்பான், கடைசிக் காலத்தில் கொரிய மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கியது. கொரியர்களை ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள நெருக்கியது. அதை அனுபவித்த தலைமுறைக்குப் பெயர் சின்ன விஷயமே இல்லை.

சரி, வானமும் பூமியும் எங்கே? மகள் செய்யும்போது கால்களைக் கவனியுங்கள். மொத்தம் 19 அசைவுகள். முதல் எட்டு அசைவுகளில் முன்கால் மடங்கி, கை தாழ இறங்கித் தடுக்கும். பிறகு நெஞ்சு உயரத்தில் குத்து. இதையே நான்கு திசையிலும் செய்வாள். அடுத்த எட்டு அசைவுகளில் நிலை மாறும். உடல் எடை பின்காலுக்குப் போகும், தடுப்பு நெஞ்சு உயரத்துக்கு எழும். மறுபடியும் நான்கு திசை. கடைசி மூன்றும் குத்துகள்: ஒன்று முன்னேறி, இரண்டு பின்வாங்கி. தொடங்கும்போது நின்ற இடத்திலேயே வந்து முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ஏதோ ஓர் அடி நீண்டிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது.

ஒரு பகுதி வானம், மறுபகுதி பூமி என்பதோடு சோயின் விளக்கம் நின்றுவிடுகிறது. தாழ்ந்த தடுப்பை மண்ணோடும் உயர்ந்ததை வானத்தோடும் சேர்த்துச் சொல்வது மாஸ்டர்களிடம் உள்ள வழக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது.

எனக்கு மிகப் பிடித்த விஷயம் வேறு. கொரியக் கிராமப் பள்ளிகளில் நூற்றாண்டுகளாகப் பிள்ளைகள் எழுத்துப் பழகியது ஆயிரம் சீன எழுத்துகள் கொண்ட ஒரு பழைய பாடநூலில். அதன் முதல் இரண்டு எழுத்துகளே 'சோன்', 'ஜி'தான். "வானம் கருமை, பூமி மஞ்சள்" என்று அந்த வரி போகும். அந்தப் பாடத்தைச் சத்தம் போட்டு ஒப்பித்து வளர்ந்த ஒரு சமூகத்தில், தொடக்கப் பேட்டர்னுக்கு இதைவிட இயல்பான பெயர் கிடைத்திருக்காது. வெள்ளைக்கு அடுத்து வரும் மஞ்சள் பெல்ட்டுக்கும், செடி வேர்விடும் மண் என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.

ஒலிம்பிக் முறை டேக்வாண்டோ பள்ளிகளில் சோன்-ஜி கிடையாது. அங்கே முதல் பாடம் தேகுக் இல் ஜாங். அதுவும் வானத்தில்தான் தொடங்குகிறது: தென்கொரியக் கொடியின் மேல் இடது மூலையில் இருக்கும், வானத்தைக் குறிக்கும் மூன்று முழுக்கோடுகள்தான் அதன் குறி.

அப்புறம், சோன்-ஜியைத் தனியாகப் பார்க்காதீர்கள். அடுத்து மகள் கற்கப்போவது டான்-குன். கி.மு. 2333-ல் கொரியாவை நிறுவியதாகத் தொன்மம் சொல்லும் அரசனின் பெயர் அது. தந்தை வானத்திலிருந்து இறங்கிவந்தவர், தாய் பெண்ணாக மாறிய கரடி. மூன்றாவது டோ-சான், விடுதலைப் போராளி ஆன் சாங் ஹோவின் புனைபெயர். இன்னும் சில படிகள் தாண்டினால் ஜூங்-குன் வரும். 1909-ல் ஜப்பானிய அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமியைச் சுட்டுக்கொன்ற ஆன் ஜுங் குன்தான் அவர். மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டபோது பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் கொரியக் கணக்கில் அவருக்கு வயது 32. அந்தப் பேட்டர்னில் அசைவுகளும் 32. உங்கள் அண்ணனிடம் அதையும் சொல்லுங்கள்.

அன்புடன்